பட்டறைக்கு வந்தவர்களைப் பராமரிப்பாளர்களாகத் தக்கவைப்பது எப்படி?

உங்கள் திறமூல மென்பொருளுக்கான தண்டையார்பேட்டைப் பட்டறைக்கு வந்த 14 பேரில் 3 பேர் பேட்ச் (நிரலில் செய்த திருத்தம்) அனுப்பினார்கள், ஒருவரும் திரும்ப வரவில்லை என்கிறீர்கள். ரெப்போவை (நிரல் இருக்கும் களஞ்சியத்தை) உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து ஒரு ஆர்கனைசேஷனுக்கு, அதாவது குழுக் கணக்குக்கு, மாற்றிவிட்டு, அந்த மூவருக்கும் ‘ட்ரையேஜ்’ (பதிவுகளை வகைப்படுத்தும்) பொறுப்பு கொடுங்கள். நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் தனிநபர் ரெப்போவில் அந்தப் பொறுப்பே கிடையாது. அங்கே கொலாபரேட்டராக (கூட்டுப்பணியாளராக) சேர்த்தால் நிரலை மாற்றும் உரிமையும் சேர்ந்தே போகும். ட்ரையேஜில் இஷ்யூக்களுக்கு (பிழை, கோரிக்கைப் பதிவுகளுக்கு) லேபிள் போடலாம், அவற்றை மூடலாம், நிரலில் கைவைக்க முடியாது. புதியவருக்கு அதுவே நல்ல தொடக்கம்.

அவர்கள் திரும்ப வராததற்குக் காரணம் பெரும்பாலும் தாமதம்தான். முதல்முறை அனுப்புபவரின் புல் ரிக்வெஸ்ட்டில் (திருத்தத்தைச் சேர்க்கக் கோரும் பதிவில்) கிட்ஹப்பின் ‘ஆக்‌ஷன்ஸ்’ தானியங்கிச் சோதனைகள் வழக்கமாகத் தானாக ஓடாது, நீங்கள் அனுமதிக்க வேண்டும். கவனிக்காவிட்டால் அப்படியே தொங்கும். வேலை முடிந்து ராத்திரி உட்கார்ந்து எழுதிய பிள்ளைக்கு மனசு விட்டுப்போகும்.

அந்த 3 பேட்ச்சையும் திறந்து, வந்த தேதிக்கும் உங்கள் முதல் பதிலுக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று எண்ணிப் பாருங்கள். வாரம் தாண்டியிருந்தால் இன்றே தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதி, ஆளுக்கொரு இஷ்யூவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ‘யாராவது உதவுங்கள்’ என்றால் யாரும் வர மாட்டார்கள்.

வெளியீட்டு உரிமையை (புதிய பதிப்பை வெளியிடும் உரிமையை) மட்டும் அவசரப்பட்டுத் தராதீர்கள். 2024 மார்ச்சில் அம்பலமான எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் பின்கதவை (ரகசிய நுழைவழியை) வைத்தது, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒரு இணைப் பராமரிப்பாளர் கணக்குதான்.