பவர் ஸ்டியரிங் ஹோஸ் கசிந்தால் கிளிப் போட்டு ஓட்டலாமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “என்னிடம் இருப்பது 1997ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா. காலையில் கார் நின்ற இடத்தில் சிவப்பு ஒயில் சொட்டிக் கிடக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஊளையிடுகிற மாதிரிச் சத்தம். ஹோஸ் வெடித்திருக்கிறது, அந்த இடத்தை வெட்டி, நடுவில் சின்னப் பைப் வைத்துக் கிளிப் இறுக்கினால் போதும் என்கிறார் ஒருவர். அடுத்த வாரம் குடும்பத்தோடு பதுளைக்குப் போக வேண்டும். போகலாமா?”

அந்தக் கிளிப்பை நம்பிப் போகவேண்டாம். உங்கள் ரயரில் இருக்கிற காற்று 30 பிஎஸ்ஐ அளவு. ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது பம்பிலிருந்து போகிற ஹோஸுக்குள் 1000 பிஎஸ்ஐ வரை, சில கார்களில் அதற்கு மேலும் அழுத்தம் ஏறும். எந்தக் கிளிப்பும் அதைத் தாங்காது. பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் ஏறும்போது அது கழன்றால் ஸ்டியரிங் சட்டென்று கல்லாகிவிடும். தெறிக்கிற ஒயில் சூடான சைலன்சர் பைப்பில் விழுந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

ஆனால் ஹோஸ்தான் கசிகிறது என்பதை முதலில் நீங்களே பாருங்கள். ஹோஸ் மாற்றிய பிறகும் ஒயில் சொட்டுகிறது என்று வருகிற கார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுடையது ஓட்டோ கியர் என்றால் கியர்பொக்ஸ் ஒயிலும் அதே சிவப்புத்தான். ஆகவே நிறத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. அந்தப் பகுதி முழுவதையும் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, இன்னொருவரை ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பச் சொல்லிவிட்டு லைற் அடித்துப் பாருங்கள். கை வைத்துத் தடவவே கூடாது. ஊசித் துளையால் பீறிடுகிற ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். சந்தேகமான இடத்தில் ஒரு காட்போட் மட்டையைப் பிடியுங்கள், ஈரம் அதில் தெரியும்.

ஸ்டியரிங் திருப்புவதை முன் ரயர்களுக்குக் கொண்டுபோகிற பகுதிதான் ரக். அதன் இரு முனையிலும் இருக்கிற ரப்பர் உறைக்குள் ஒயில் நிறைந்திருந்தால் ரக்கின் சீல் போய்விட்டது. ஹோஸ் மாற்றிப் பயனில்லை. பம்பில் ஹோஸ் பூட்டுகிற போல்ற்றடியில் மட்டும் ஈரம் என்றால் வாஷரை மாற்றினாலே சரியாகலாம். ஒயில் டாங்கிக்குத் திரும்பி வருகிற ஹோஸில் கசிவா? உங்களுக்கு நல்ல காலம். அதில் அழுத்தம் குறைவு, கிளிப் போடலாம். ஆனால் ஒயில் தாங்குகிற ஹோஸாக இருக்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸைப் போட்டால் கொஞ்ச நாளில் ஊறி வீங்கிவிடும்.

பம்பிலிருந்து போகிற அழுத்த ஹோஸ்தான் கசிகிறது என்று உறுதியானால், உங்கள் மொடலுக்குரிய புது ஹோஸ் முதல் தெரிவு. பழைய காரிலிருந்து கழற்றிய ஹோஸ் வேண்டாம், அதன் ரப்பருக்கும் உங்கள் ஹோஸின் வயதுதான். புதிது கிடைக்கவில்லையா? நெல் விளைகிற மாவட்டத்தில் இருக்கிறோம். டிராக்டருக்கும் அறுவடை மெசினுக்கும் ஹைட்ரோலிக் ஹோஸ் அழுத்திக் கொடுக்கிற கடைகள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உண்டு. பழைய ஹோஸைக் கழற்றிக் கொண்டுபோனால் இரண்டு முனையின் இரும்பையும் வைத்துக்கொண்டு நடுவில் புது ஹோஸ் அழுத்தித் தருவார்கள். அறுவடை நேரம் என்றால் காலையிலேயே போய்விடுங்கள். பவர் ஸ்டியரிங்குக்கு என்று சொல்லியே கேளுங்கள். சாதாரண ஹைட்ரோலிக் ஹோஸ்களில் பலவும் 100 பாகை செல்சியஸ் சூடு வரைதான் தாங்கும். நீளமும் வளைவும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். கல்லடி, காத்தான்குடி மாதிரிக் கடலோரத்தில் ஓடிய கார் என்றால் முனை இரும்பைச் சுரண்டிப் பாருங்கள். உப்புக்காற்றில் துரு குழி விட்டிருந்தால் அந்த முனையைத் திரும்பப் போடவேண்டாம்.

கழற்றுகிற வேலை கராஜ் பாஸுக்கு ஒரு காலைப்பொழுது. நீங்களே செய்வதானால் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டான்ட் வையுங்கள். டாங்கி ஒயிலைப் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். ரக் பக்கத்து நட் துருவேறி இறுகியிருக்கும், திறந்த வாய் ஸ்பானர் போட்டால் மூலை உருண்டுவிடும். பைப் நட்டுக்கென்றே வாய் வெட்டிய ரிங் ஸ்பானரை வாங்குங்கள், முதல்நாளே துரு இளக்குகிற ஸ்பிரே அடித்து வையுங்கள். பூட்டும்போது புது வாஷர் போடுங்கள். நட்டை முதலில் கையால் சுற்றி ஏற்றுங்கள். ஹோஸ் முறுகாமல், சைலன்சர் பைப்பில் படாமல், பழைய கிளம்ப்புகளிலேயே உட்கார வேண்டும்.

உங்கள் காருக்கு டெக்ஸ்ரோன் 2 அல்லது 3 ஏடிஎஃப், அதாவது ஓட்டோ கியர் ஒயில்தான், ஒரு லீற்றர் போதும். பிரேக் ஒயில் ஒரு சொட்டும் கலக்கக் கூடாது, சீலெல்லாம் கெட்டுவிடும்.

ஒயிலுக்குள் சிக்கிய காற்றை வெளியே எடுப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். முன் ரயர்கள் தரையில் படாமல் தூக்கி, எஞ்சின் போடாமலே ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக இருபது தடவையாவது திருப்புங்கள். இடையிடையே ஒயில் மட்டத்தைப் பார்த்து ஊற்றுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்து அதேபோல. முனையில் ஐந்து செக்கனுக்கு மேல் பிடித்து நிற்காதீர்கள். டாங்கியில் நுரை தெரிந்தால் எஞ்சினை நிறுத்தி, நுரை அடங்கிய பிறகு தொடருங்கள். ஒயில் குறைந்த நிலையிலேயே பம்பை நெடுநாள் ஓட்டாமல் இருந்திருந்தால், காற்றுப் போனதும் அந்த ஊளையும் நின்றுவிடும்.

ஹோஸ் வரும்வரை வீட்டுக்கும் சந்தைக்கும் ஓடலாமா என்றும் கேட்பீர்கள். டாங்கியில் ஒயில் இல்லாமல் ஓடினால் பம்ப் உரசித் தேயும், அதன் விலை ஹோஸின் விலையை விட மிக அதிகம். கார் நிற்கட்டும். பூட்டியதும் மட்டக்களப்பு வரை இரண்டு தடவை போய்வாருங்கள். மறுநாள் காலையில் காருக்கடியில் மட்டை விரித்துப் பார்த்து, அது காய்ந்திருந்தால் பதுளைக்குக் கிளம்பலாம்.