இரட்டை நூல் இழுவைப் பட்டங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, முதன்முதலாக ஒரு பவர் கைட், அதாவது ஆளை இழுக்கும் வலுவுள்ள இழுவைப் பட்டம், வாங்கவிருக்கிறேன். என் எடை 70 கிலோ. கடையில் 1.4, 1.8, 2.2, 3 என்று எண்கள் போட்டு வைத்திருக்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் கடைக்காரரிடம் கேளுங்கள். இரண்டு நூலில் பறக்கும் துணிப்பட்டங்களில் பெரும்பாலும் அது ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை மீட்டரில் சொல்லப்படும் இறக்கையின் அகலம். நான்கு நூல் பட்டங்களிலோ அது சதுர மீட்டரில் சொல்லப்படும் பரப்பு. 2 மீட்டர் அகலமுள்ள பட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1 சதுர மீட்டர்தான் வரும் என்பதால், 3 என்று எழுதிய இரண்டு பட்டங்களில் ஒன்று கைக்கு நல்ல வேலை கொடுக்கும், மற்றொன்று ஆளையே மணலில் இழுத்துக்கொண்டு போகும். உங்களுக்கு 1.8 மீட்டர் அகலம் போதும். கடையில் பிரித்துப் பார்க்கும்போது அது சிறியதாகத் தோன்றும். கடற்கரையில் அப்படித் தோன்றாது.

கேள்வி: காற்றின் வேகம் எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்: பட்டத்தின் அளவைவிட இதுதான் முக்கியமான கேள்வி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். மணிக்கு 10 கிலோமீட்டர் காற்றில் விளையாட்டாகப் பறந்த அதே பட்டம், 30 கிலோமீட்டர் காற்றில் ஒன்பது மடங்கு விசையோடு இழுக்கும். தொடக்கத்தில் 12 முதல் 20 கிலோமீட்டர் வரை உள்ள காற்றே நல்லது. கருவி இல்லையென்றால் மரத்தைப் பாருங்கள்: இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைந்தால் பறக்கவிடலாம், தூசியும் காகிதமும் கிளம்பிச் சிறு கிளைகள் ஆடத் தொடங்கினால் புதியவர்கள் பட்டத்தைச் சுருட்டிவிடுவது நல்லது. கட்டடத்துக்கும் தோப்புக்கும் பின்னால் காற்று சுழன்று சுழன்று வருமாகையால், கடலிலிருந்து கரை நோக்கி ஒரே சீராக வீசும் காற்றைத் தேடிப் போங்கள்.

கேள்வி: பட்டம் தலைக்கு மேலே இருக்கும்போது சாதுவாக நிற்கிறது. கீழே இறக்கியதும் திடீரென்று இழுக்கிறது. என் தவறா?

பதில்: தவறில்லை, அதன் இயல்பே அதுதான். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், உங்களுக்கு முன்னால் ஒரு பெரிய பந்தில் கால்பங்கை வெட்டி வைத்தாற்போன்ற வெளி இருக்கிறது. பட்டம் அதற்குள்தான் பறக்கும். தலைக்கு மேலும் இடது, வலது ஓரங்களிலும் இழுவை குறைவு; நேர் எதிரே, தாழ்வாக உள்ள நடுப்பகுதியில் மிக அதிகம். அதோடு, பட்டம் வேகமாகக் குறுக்கே பாயும்போது தனக்கான காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்வதால் இழுவை இன்னும் கூடுகிறது. ஆகவே முதல் நாளில் ஓரங்களிலும் உச்சியிலும் மட்டும் மெதுவாக ஓட்டிப் பழகுங்கள். கைகளை இடுப்பருகே வைத்து, திரும்ப வேண்டிய பக்கத்து நூலை உடம்பை நோக்கி இழுத்தால் போதும். பலர் சைக்கிள் ஹேண்டில்பாரைத் திருப்புவதுபோலத் திருப்பிப் பார்த்துவிட்டு, பட்டம் சரியில்லை என்கிறார்கள்.

கேள்வி: மணிக்கட்டில் மாட்டும் வாரைக் கட்டாயம் மாட்ட வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. பெரிய பட்டத்துக்கு அவிழ்க்க முடியாதபடி மாட்டவே கூடாது என்பது என் கருத்து. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் இரண்டு வார்களையும் இறுக்கி மாட்டியிருந்தேன். காற்று திடீரென்று ஏறி, பட்டம் நடுவில் விழுந்து மறுபடி எழும்பியபோது, குப்புற விழுந்து பத்தடி தூரம் மணலை உழுதேன். கைகள் முன்னால் நீண்டிருந்ததால் வாரை உருவ முடியவில்லை. தோள் வலி ஆற ஒரு மாதமாயிற்று. கைப்பிடியை விட்டுவிடப் பழகுவதும் பறக்கவிடுவதில் ஒரு பாடம்தான். தனித்தனிக் கைப்பிடிகளுக்குப் பதிலாக இரு கையாலும் பிடிக்கும் ஒரே கம்பியோடு மூன்றாவது பாதுகாப்பு நூலும் உள்ள பயிற்சிப் பட்டங்களில், கம்பியை விட்டதும் துணி காற்றிழந்து படுத்துவிடும். முடிந்தால் அதை வாங்குங்கள்.

கேள்வி: பக்கத்தில் பையன்கள் மாஞ்சா நூலில் பட்டம் விடுகிறார்கள். அருகில் நின்று விடலாமா?

பதில்: வேண்டாம். நம் பட்டங்களில் வரும் டைனீமா என்ற செயற்கை இழை நூல் எடைக்கு மிக வலுவானது, வழுவழுப்பானது. இரண்டு டைனீமா நூல்கள் குறுக்கிட்டாலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போய்விடும். ஆனால் அது சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால், வேறு நூல் உரசும் சூட்டிலேயே அறுந்துபோகும். கண்ணாடித்தூள் பூசிய நூலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் நூலும் விறைப்பாக ஓடும்போது கத்திக்குச் சமம். 25 மீட்டர் நூலானால், காற்று போகும் திசையில் அதைவிட அதிக தூரத்துக்கு ஆளில்லாமல் இருக்க வேண்டும்.

கேள்வி: ஜூலையில் இலங்கையின் கல்பிட்டிக் கடற்கரைக்குப் போகிறேன். பட்டத்தைக் கொண்டுபோகலாமா?

பதில்: தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் காலம் அது; பெரியதை வீட்டில் வைத்துவிட்டு 1.4 மீட்டரை எடுத்துச் செல்லுங்கள். பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் சறுக்கும் கைட் சர்ஃபிங் செய்பவர்கள் கரையேறும் இடத்தில் நிற்காதீர்கள்.

கேள்வி: இந்த வகைப் பட்டங்களைக் கண்டுபிடித்தவர் யார்?

பதில்: ஒருவர் என்று சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போரில் பால் கார்பர் என்பவர் அமெரிக்கக் கடற்படையின் துப்பாக்கிப் பயிற்சிக்காக, இரண்டு நூலால் திருப்பக்கூடிய பட்டத்தை வடிவமைத்தார். முன்விளிம்பின் திறப்பு வழியே காற்றை நிரப்பிக்கொண்டு விறைக்கும் துணிச்சிறகு 1960களில் டோமினா ஜால்பெர்ட் தந்தது. 1972இல் இங்கிலாந்தில் ரே மெரி, ஆண்ட்ரூ ஜோன்ஸ் என்ற இரு மாணவர்கள் ஃப்ளெக்ஸிஃபாயில் என்ற பட்டத்தை உருவாக்கினார்கள். இழுவைக்காகவே பட்டம் விடும் பழக்கம் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி: பழைய பட்டம் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: துணியை உதட்டோடு ஒட்டி ஊதுங்கள், காற்று எளிதாகக் கடந்து போனால் வெயிலில் துணி செத்துவிட்டது என்று பொருள். தையல்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பட்டத்தைப் பறக்கும் நூலோடு இணைக்கும், யாழ்ப்பாணத்தில் முச்சை என்று சொல்லும் கட்டுநூல்கள் இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கடைசியாக, இரண்டு பறக்கும் நூல்களின் நுனிகளையும் ஒரே முளையில் மாட்டி, மறுமுனைகளைச் சேர்த்து இழுத்துப் பிடியுங்கள். அடிக்கடி ஒரே பக்கம் வட்டமடிக்கவிட்டவரின் நூலில் ஒன்று நீண்டிருக்கும். ஒரு விரற்கடை வேறுபாடானால் நீண்ட நூலின் முடிச்சை மாற்றிப் போட்டே சரிசெய்துவிடலாம், ஒரு சாண் ஆனால் நூலின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.