நாலு பேர் இருக்கட்டும், அந்தப் பெரியவர் எங்க?

கேள்வி: அக்கா, நான் அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல மேடிசன் பக்கம் இருக்கேன், ஆறு வருஷமா மான் வேட்டைக்குப் போறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் எல்லாம் கத்துக்குடுத்தார், போன வருஷம் முட்டி ஆபரேஷன், அவர் வரல, நான் மட்டும் அவர் நிலத்துல போய் அடிச்சிட்டு வந்தேன். இப்ப நம்ம தமிழ் நண்பர்கள் நாலு பேர் எங்களையும் கூட்டிட்டுப் போங்கறாங்க. ஆள் சேர்ந்தாதான் வேட்டை பிழைக்கும்னு சிலர், இருக்கற கூட்டமே தாங்கலன்னு சிலர். சேக்கலாமா?

பதில்: தம்பி, கணக்க முதல்ல முடிச்சிடறேன். 1937 சட்டப்படி ரைபிளுக்கும் தோட்டாவுக்கும் போடற 11% வரி, அதோட லைசென்ஸ் காசு, இதுலதான் அங்க வனவிலங்குத் துறைகள் பெரும்பாலும் ஓடுது. 1980கள் தொடக்கத்துல அமெரிக்கா முழுக்க லைசென்ஸ் வச்சிருந்தவங்க கிட்டத்தட்ட 1.7 கோடி, இப்ப ஒன்றரைக் கோடிய ஒட்டி, நடுவுல ஜனத்தொகை மட்டும் பத்து கோடி போல ஏறிடுச்சு. அதான் ஆள் பிடிக்கறாங்க. எல்க்குங்கற பெரிய மான அடிக்க அனுமதி குலுக்கல்ல பேர் வராதான்னு வருஷக்கணக்கா காத்திருக்கறவனுக்கு அதப் பாத்து வயிறு எரியுது, அதுவும் நியாயம்தான்.

எனக்கு உறுத்துனது வேற. "அவர் வரல"ன்னு போற போக்குல எழுதிட்டுப் போறீங்க. வரலயா, நீங்க கூப்பிடலயா? ஆள் குறையறதுக்குப் பெரிய காரணமே உலகப்போருக்கு அப்புறம் பொறந்த அந்தத் தலைமுறை வயசாகி முட்டி போய் கண்ணு போய் துப்பாக்கியப் பூட்டி வைக்கறதுதான், அதுல ஒருத்தர் உங்க வேலிக்கு அந்தப் பக்கமே உக்காந்திருக்கார், நீங்க என்னடான்னா புதுசா வர்ற நாலு பேருக்காக எனக்கு லெட்டர் போடறீங்க. அவர் நிலம், அவர் சொல்லிக்குடுத்த காத்து திசை, மானு மட்டும் உங்களுக்கா? பெத்த அப்பாவுக்கு ஆபரேஷன்னா இப்படி ஒரு கமா போட்டுத் தாண்டிப் போவீங்களா? எனக்குக் கோவம் வருது, மறைக்கல.

மானுக்குக் காத்திருக்க அவரால மரத்து மேல ஏற முடியாதுன்னா தரையில மறைப்பு கட்டி நாற்காலி போடுங்க. உங்க மாநிலத்துல துப்பாக்கி சீசன்ல குரூப்பா போனா, குரல் எட்டற தூரத்துல அவர் இருந்தா அவர் டேக்குக்கும், அதாவது அவர் பேர்ல இருக்கற மான் அனுமதிச் சீட்டுக்கும், நீங்க அடிக்கலாம், சட்டமே அதுக்கு இடம் குடுக்குது. (நான் கோழி தவிர எதையும் அறுத்ததில்ல, ஆனா லெட்டர் வந்தா படிச்சுப் பாக்காம பதில் எழுத மாட்டேன்.)

அந்த நாலு பேர் 1973லயோ அதுக்கப்புறமோ பொறந்தவங்கன்னா பாதுகாப்பு கோர்ஸ் முடிச்சிருக்கணும், முடிக்காதவன கை எட்டற தூரத்துலயே வச்சுப் பாத்துக்கணும், அதுவும் ஒரு நேரத்துல ஒருத்தனத்தான். நாலு பேர எந்தக் கையில பிடிப்பீங்க? உங்களுக்கு அவர் அப்படித்தானே ஒத்த ஆளா நின்னு சொல்லிக்குடுத்தார்.

நவம்பர் கடைசில வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை துப்பாக்கி சீசன் ஆரம்பிச்சிடும். அதுக்குள்ள ஒரு நாள் சாயங்காலம் குடும்பத்தோட அவர் வீட்டுக்குப் போங்க. போன வருஷ மான் கறில ஒரு துண்டாவது அவர் வீட்டுக்குப் போச்சான்னு நீங்க எழுதல, ஃப்ரீசர்ல மிச்சம் இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க. அந்த நாலு பேர் விஷயத்தையும் அவர்கிட்டயே கேளுங்க, நிலம் அவரோடது.