வளையலை அடகு வைத்துத்தான் கேட் தேர்வுக்குப் படிக்க வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நுழைவுத் தேர்வுகளைப் பற்றித் தாங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். பி.காம் முடித்து, இப்போது கோவில்பட்டியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 16,000 ரூபாய். அதில் பாதி வீட்டுக்குப் போய்விடும். இந்திய மேலாண்மைக் கழகமான ஐ.ஐ.எம். ஒன்றில் எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்பது கல்லூரிக் காலத்திலிருந்தே உள்ள ஆசை. அதற்கான நுழைவுத் தேர்வான கேட் (CAT) தேர்வுக்கு மதுரையில் ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்ததில் வார இறுதி வகுப்புக்கு 55,000 ரூபாய் கேட்டார்கள். அம்மா தன் வளையலை அடகு வைத்துத் தருவதாகச் சொல்கிறார். பயிற்சி மையம் இல்லாமல் இது ஆகிற காரியமா? வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் படிப்பது நல்லதா? ஆங்கிலப் பத்தியைப் பார்த்தாலே பயம் வருகிறது, அதற்கு என்ன செய்வது? தாங்கள் வெளிப்படையாகப் பதில் சொல்வீர்கள் என்பதால் கேட்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, கோவில்பட்டி

அன்புள்ள வாசகிக்கு,

வளையல் அம்மாவின் கையிலேயே இருக்கட்டும். கேட் தேர்வைப் பொறுத்தவரை, காசு கொடுத்து வாங்க வேண்டியது மிகக் குறைவு என்பதுதான் என் பதில். அந்தக் குறைவானது எது, மீதியை எங்கிருந்து பெறுவது என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் இந்தத் தேர்வு உங்களிடம் எவ்வளவு கேட்கிறது என்று பாருங்கள். 2024ஆம் ஆண்டுத் தேர்வில் 68 கேள்விகள், 204 மதிப்பெண், இரண்டு மணி நேரம். ஆங்கிலத்துக்கு 24 கேள்விகள், தரவு விளக்கமும் தர்க்கமும் சேர்ந்த பகுதிக்கு 22, கணிதத்துக்கு 22. ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடம். ஒன்றில் மிச்சமான நேரத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. ஏறத்தாழ 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். 99 பெர்சன்டைல் என்பதை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மதிப்பெண் என்று நினைத்து மிரள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது மதிப்பெண் அல்ல, நீங்கள் எத்தனை பேருக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்பதன் கணக்கு. அவ்வளவு பேர் எழுதும்போது முதல் 2,900 பேருக்குள் வந்தால் அது 99. அண்மை ஆண்டுகளில் அந்த இடத்தை எட்டியவர்கள் மொத்த மதிப்பெண்ணில் பாதியையோ அதற்கும் குறைவாகவோதான் எடுத்திருக்கிறார்கள். அதாவது, உச்சியில் நிற்பவர்களே பாதி வினாத்தாளை விட்டுவிட்டுத்தான் எழுந்து வருகிறார்கள். எதை விடுவது என்று தெரிந்தவருக்கான தேர்வு இது. ஆனால், எல்லாவற்றையும் சொல்லித் தருகிறோம் என்பதற்குத்தான் உங்களிடம் 55,000 ரூபாய் கேட்கிறார்கள்.

பயிற்சி மையங்கள் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. தனியாக உட்கார்ந்து படிக்கவே முடியாதவர்களுக்கு அங்குள்ள கால அட்டவணையும் கூடப் படிப்பவர்களின் துணையும் உண்மையாகவே உதவும். ஆனால் விளம்பரத்தில் இருக்கும் முகங்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். முழுநேர வகுப்புக்கு வந்தவர், மாதிரி நேர்காணலுக்கு மட்டும் ஒரு நாள் வந்தவர் எல்லோருமே அந்தப் படங்களில் ஒன்றாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். வெற்றி பெற்றவர் எந்த வகுப்பில், எவ்வளவு காலம் படித்தார் என்பதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட வேண்டி வந்ததே இதனால்தான்.

கணிதத்தைப் பற்றி உங்களுக்குப் பயம் வேண்டியதில்லை. அந்தப் பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழக்கமாகச் சதவீதம், லாப நட்டம், விகிதம், வட்டி, வேலையும் நேரமும் போன்ற அடிப்படை எண்கணிதம்தான் வரும். ஒரு பொருளின் விலையை 25 சதவீதம் ஏற்றி எழுதி, பிறகு எத்தனை சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் பழைய விலைக்கே வந்துசேரும் என்று கேட்டால், புத்தகம் மட்டும் படித்தவர் பேனாவை எடுப்பார். கடையில் கணக்கு எழுதும் நீங்கள், நாலில் ஒன்று ஏற்றினால் ஐந்தில் ஒன்று இறக்க வேண்டும், ஆகவே 20 சதவீதம் என்று வாயாலேயே சொல்லிவிடுவீர்கள். 100 ரூபாய் 125 ஆகி, அதில் 25 போனால் மறுபடியும் 100. மூன்றில் ஒன்று ஏற்றினால் நாலில் ஒன்று இறக்க வேண்டும் என்று இந்த ஒரே சிந்தனையை நீட்டிக்கொண்டே போனால், வேகமும் நேரமும் தொடர்பான கணக்குகளும் அதே அச்சில் விழும். வேகம் கால் பங்கு கூடினால் நேரம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. உங்களுக்கு விட்டுப்போயிருப்பது இயற்கணிதமும் வடிவியலும்தான். அவற்றுக்கு ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பாடநூல்களே போதும். தமிழ்நாட்டுப் பாடநூல்களும் என்.சி.இ.ஆர்.டி. நூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் தமிழ் வழி நூலில் புரிந்துகொண்டு, பிறகு அதே பாடத்தை ஆங்கில வழி நூலில் ஒருமுறை புரட்டினால் கலைச்சொற்களும் பழகிவிடும்.

தரவு விளக்கப் பகுதியில் 2024இல் ஐந்து தொகுப்புகள் வந்தன, அதாவது ஒரே தகவலைக் கொடுத்து அதையொட்டிச் சில கேள்விகள் கேட்பவை. இரண்டு, மூன்று தொகுப்புகளை முழுமையாகச் சரியாகப் போடுகிறவர் நல்ல இடத்தில் இருப்பார். எனவே முதல் ஐந்து நிமிடங்களை ஐந்தையும் வாசித்துத் தேர்ந்தெடுப்பதற்கே கொடுங்கள். எடுத்த தொகுப்பு பத்து நிமிடத்தில் பிடிகொடுக்கவில்லை என்றால் மனத்தாங்கல் இல்லாமல் விட்டுவிட வேண்டும். இது அறிவைவிடப் பழக்கத்தால் வருவது. பழைய வினாத்தாள்களே அந்தப் பழக்கத்தைத் தரும். 2017 முதலான வினாத்தாள்கள் விடைகளோடு பல இணையதளங்களில் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. 2020 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஒரே நாளில் மூன்று வேளைகளில் தேர்வு நடப்பதால், ஓராண்டுக்கு மூன்று வினாத்தாள்கள் உங்களுக்குக் கிடைக்கும். இவற்றில் கடைசி இரண்டு ஆண்டுகளுடையதை மட்டும் தொடாமல் அக்டோபர் வரை வைத்திருங்கள்.

நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்றே ஒன்று, சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் மாதிரித் தேர்வுத் தொடர். அதையும் ஒரே ஒரு நிறுவனத்திடம் வாங்கினால் போதும். இரண்டு மணி நேரம் எழுதிவிட்டு பெர்சன்டைலைப் பார்த்து மகிழ்ந்தோ வருந்தியோ கணினியை மூடிவிடுகிறவர்களுக்கு அந்தக் காசு வீண்தான். தேர்வை ஞாயிற்றுக்கிழமை எழுதினால், திங்களும் செவ்வாயும் கடிகாரம் இல்லாமல் அதே தாளை மறுபடியும் போடுங்கள். ஒரு நோட்டில், தெரிந்தும் தவறவிட்டவை, தெரியாமல் தொட்டவை, தொட்டிருக்க வேண்டியும் விட்டவை, சரியாகவே போட்டும் நான்கு நிமிடத்துக்கு மேல் தின்றவை என்று பிரித்து எழுதுங்கள். கடைசி வகையை யாரும் பொருட்படுத்துவதில்லை. என் பார்வையில் அதுதான் மதிப்பெண்ணை அதிகமாகக் குடிக்கிறது. வாரம் ஒரு தேர்வு போதுமானது. தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பு அதிகாரபூர்வ இணையதளத்தில் இலவச மாதிரித் தேர்வு ஒன்றை வெளியிடுவார்கள். திரையும் கால்குலேட்டரும் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அதைத் தவறாமல் எழுதுங்கள்.

ஊகித்து விடை எழுதலாமா என்பதையும் கணக்காகவே பார்க்கலாம். சரியான விடைக்கு 3, தவறானதற்குக் கழிவு 1. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடை நிச்சயமாகத் தவறு என்று தள்ள முடிந்துவிட்டால், மீதி மூன்றில் ஊகிப்பது லாபத்தின் பக்கம் சாய்கிறது. விடையைத் தட்டச்சு செய்ய வேண்டிய கேள்விகளுக்குக் கழிவே கிடையாது. நேரம் இருந்தால் அவற்றைக் காலியாக விடுவது வீண்.

இனி ஆங்கிலம். 24 கேள்விகளில் 16 கேள்விகள், நான்கு நீண்ட பத்திகளை வாசித்துப் புரிந்துகொள்வதிலிருந்து வருகின்றன. நீங்கள் ஆங்கிலத்தில் பேசவோ எழுதவோ வேண்டியதில்லை. கடினமான சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்வது பழைய காலத்து முறை. இப்போது அது நேர விரயம். தினமும் ஒரு கட்டுரை வாசியுங்கள். உங்கள் ஊர் நூலகத்தில் ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கம் இருக்கும். ஏயான் (Aeon) என்ற இணைய இதழில் தத்துவம், வரலாறு, அறிவியல் பற்றிய நீண்ட கட்டுரைகள் இலவசமாக உள்ளன. கேட் பத்திகள் சில அங்கிருந்தே எடுக்கப்பட்டிருக்கின்றன. வாசித்து முடித்ததும், ஆசிரியர் என்ன சொல்கிறார், யாரை மறுக்கிறார், எந்த இடத்தில் தயங்குகிறார் என்று மூன்று வாக்கியங்களைத் தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுத முடிந்தால் புரிந்துவிட்டது என்று பொருள். தேர்வு சோதிப்பதும் அந்தப் புரிதலைத்தான். முதல் மாதம் ஒரு கட்டுரைக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஆனால் இந்தப் பகுதியை முழுவதுமாகக் கைவிட்டுவிட்டுக் கணிதத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், ஐ.ஐ.எம்.கள் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி கட்-ஆஃப், அதாவது எட்ட வேண்டிய குறைந்தபட்ச அளவு, வைத்திருக்கின்றன.

வேலையை விட வேண்டாம். மாதச் சம்பளம் நின்றுபோன வீட்டில் நிம்மதியாகப் படிக்க முடியாது என்பது ஒரு காரணம். நேர்காணலுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது பல ஐ.ஐ.எம்.கள் பணி அனுபவத்துக்கும் மதிப்பெண் தருகின்றன என்பது இன்னொன்று. பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் பெண்களுக்கும் சில நிறுவனங்கள் கூடுதல் மதிப்பெண் தருகின்றன. அதுவும் உங்களுக்குச் சாதகம்தான். வேலை நாட்களில் காலையில் இரண்டு மணி நேரம், ஞாயிறு முழுவதும் என்று பத்து மாதம் கொடுக்க முடிந்தால் அது தாராளம்.

விண்ணப்பச் செலவில்தான் பலர் தெரியாமல் பணத்தை இழக்கிறார்கள். 2025இல் கேட் கட்டணம் 2,600 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 1,300. பிற்படுத்தப்பட்டோருக்குக் கட்டணச் சலுகை இல்லை, 27 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதற்கு நம் ஊரில் வாங்கும் பி.சி. அல்லது எம்.பி.சி. சான்றிதழ் செல்லாது, மத்திய அரசு வடிவத்தில் உள்ள ஓ.பி.சி. சான்றிதழை, வசதி படைத்தோர் என்று ஒதுக்கப்படும் கிரீமி லேயரில் வரவில்லை என்ற குறிப்போடு, இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். உங்களுக்கு அது பொருந்தும் என்றால் விண்ணப்பம் தொடங்கும் ஆகஸ்டுக்கு முன்பே கையில் இருக்கட்டும். மற்ற தனியார் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தனி விண்ணப்பக் கட்டணம் வாங்கும். எங்கு கிடைத்தால் உண்மையாகவே சேர்வீர்களோ அங்கு மட்டும் போடுங்கள். அவற்றோடு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வையும் எழுதுங்கள். 2025இல் அதன் கட்டணம் 1,000 ரூபாய்தான். கேட் தேர்வுக்குப் படித்தவருக்கு அது தனிச் சுமையாக இருக்காது. தமிழ்நாட்டில் குறைந்த கட்டணத்தில் எம்.பி.ஏ. படிக்க அதுவே நேர்வழி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய செலவு தேர்வில் இல்லை, படிப்பில் இருக்கிறது. முன்னணி ஐ.ஐ.எம்.களில் இரண்டாண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். இதே கேட் மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கை நடத்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் புலமான எஃப்.எம்.எஸ்.ஸில் அதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், போட்டியும் கடுமை. ஐ.ஐ.எம்.மில் இடம் கிடைத்தவர்களுக்கு வங்கிகள் பிணை இல்லாமலே கல்விக் கடன் தருகின்றன. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்கு உட்பட்டவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு, ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்கள் என்ற வரம்போடு. வங்கிக்குப் போகும் முன் கல்லூரியின் பெயர் அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மாதிரித் தேர்வுகளை எழுதிய பிறகு அந்த நோட்டில் எந்த வகை நீளமாக வருகிறது என்று எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்து மேற்கொண்டு பேசலாம்.

அன்புடன்.