குளிர் வந்தாலே போர்வைக்குள் சுருண்டுகொள்கிறேன், இது தப்பா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 64. சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். மே மாதம் கனடாவில் மிஸிசாகாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தேன். பல வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். அக்டோபர் பிறந்ததில் இருந்து பாதம் இரண்டும் சில்லிட்டுப் போகின்றன. ராத்திரி வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்தால்தான் தூக்கம் வருகிறது. எல்லோரும் வெளியே கிளம்பியதும் ஷாலைப் போர்த்திக்கொண்டு சோபாவில் காபியோடு உட்கார்ந்தால் மத்தியானம் வரை எழுந்திருக்க மனசு வருவதில்லை. எனக்கு அதுதான் சுகம். "இப்படியே உட்கார்ந்திருந்தால் உடம்பு கெட்டுப்போகும்மா" என்று மகள் சத்தம் போடுகிறாள். யார் சொல்வது சரி?

பதில்: கதகதப்பைத் தேடுவது தப்பே இல்லை அம்மா. வயது ஏற ஏறத் தசையும் தோலடிக் கொழுப்பும் குறைவதால் உடம்பில் சூடு நிற்பதில்லை. மகளுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும் என்கிற அதே அறையில் உங்களுக்கு மேலே ஒரு ஷாலும் வேண்டியிருக்கும். அது சோம்பேறித்தனம் இல்லை. ஷால், காபி, சோபா மூன்றும் உங்களிடமே இருக்கட்டும். வெந்நீர்ப் பையை மட்டும் இன்றைக்கு ராத்திரியே காலடியில் இருந்து எடுத்துவிடுங்கள்.

சர்க்கரை பல வருடம் இருந்தால் பாதத்து நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாக உணர்ச்சியை இழக்கும். சுடுவது தெரியாது. கை தாங்குகிற சூடாகத்தான் இருக்கும், ஆனால் தூக்கத்தில் அந்தப் பை மணிக்கணக்காகக் குதிகாலில் ஒட்டிக் கிடந்தால் தோல் வெந்துவிடும். காலையில் பார்த்தால் கொப்புளம் இருக்கும், வலி இருக்காது. வலி இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை, அது புண்ணாகி ஆறாமல் இழுத்துக்கொண்டே போகும். ஹீட்டர் முன்னால் காலை நீட்டுவதற்கும் கொதிக்கிற தண்ணீரில் பாதத்தை ஊறவைப்பதற்கும் இதே எச்சரிக்கைதான். படுக்கை சூடாக இருக்க வேண்டுமா? படுப்பதற்கு அரை மணி முன்னால் பையைப் போர்வைக்குள் வையுங்கள், ஏறிப் படுக்கும்போது வெளியே எடுத்துவிடுங்கள். காலுக்கு இறுக்கிப் பிடிக்காத கம்பளி சாக்ஸ் போதும். தினமும் அதைக் கழற்றும்போது உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். கொப்புளமோ நிறமாற்றமோ தெரிந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பாதம் சில்லென்று தோன்றும் நேரத்தில் மகளைக் கூப்பிட்டு, புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் கைக்கு வெதுவெதுப்பாக இருந்து உங்களுக்கு மட்டும் குளிர்ந்தால் கோளாறு பெரும்பாலும் நரம்பில்தான். உண்மையிலேயே பாதம் ஜில்லிட்டிருந்தால், அதிலும் ஒரு கால் மட்டும் அப்படி இருந்தால், அல்லது நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நின்றதும் விட்டுவிடுகிறது என்றால், ரத்த ஓட்டத்தைப் பார்த்தாக வேண்டும். தொட்டுப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவருக்கு அது பெரிய உதவி.

சரி, சோபா விஷயம். உங்கள் சோபா எந்த இடத்தில் கிடக்கிறது என்பதுதான் என் கவலை. தஞ்சாவூரில் வருடத்திலேயே நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். மிஸிசாகா இருக்கும் டொராண்டோ வட்டாரத்தில் அது ஆறரை மணி நேரம். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள், அப்புறம் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். நம் தூக்கத்தையும் விழிப்பையும் நடத்துவது காலை வெளிச்சம். அது குறைந்தால் பகலெல்லாம் மந்தமாக இருக்கும், தூக்கம் தூக்கமாக வரும், இனிப்பும் மாவுப் பண்டமும் தின்னத் தோன்றும். அதனால் காலைக் காபியை ஜன்னலோரமாக, திரைச்சீலையை முழுக்க விலக்கிவிட்டுக் குடியுங்கள். மேகம் மூடிய நாளில்கூட வெளியே இருக்கிற வெளிச்சம் வீட்டு விளக்கைப் போலப் பல மடங்கு. அரை மணி நேரம் வாசலிலோ பால்கனியிலோ போர்த்திக்கொண்டு உட்கார முடிந்தால் இன்னும் நல்லது.

மகள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மணிக்கணக்காக அசையாமல் இருந்தால் சர்க்கரை ஏறும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து அடுப்படி வரைக்குமாவது போய் வாருங்கள். சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரை நன்றாகவே இறங்கும், பாதமும் சூடாகும். அக்டோபரில் அங்கே மேப்பிள் மரமெல்லாம் சிவந்து நிற்கும், அந்தப் பக்கமே நடங்கள். ஈரமான சருகில் கால் வழுக்கும், பிடிமானமுள்ள ஷூ வேண்டும். காபியை மதியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாயங்காலத்துக்குச் சர்க்கரை போடாத சுக்குமல்லிக் கஷாயமோ ஒரு டம்ளர் மிளகு ரசமோ இருக்கட்டும். கூடவே ரஸ்க், பிஸ்கட் என்று நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹீட்டர் ஓடுகிற வீட்டில் காற்று வறண்டு தோல் அரிக்கும். குளியல் வெதுவெதுப்பான தண்ணீரில், சீக்கிரம் முடியட்டும். ஈரம் காய்வதற்குள் வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள், விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். ஜன்னல் சாத்திய வீட்டுக்குள் கரி மூட்டிச் சாம்பிராணி போடுவதை அடியோடு விட்டுவிடுங்கள். கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனையே கிடையாது, உயிருக்கே ஆபத்து.

ஒன்றை மனம்விட்டுச் சொல்லுங்கள் அம்மா. சோபாவில் உட்கார்வது சுகமாக இருக்கிறதா, அல்லது எழுந்து செய்ய எதுவுமே பிடிக்கவில்லையா? பேரப்பிள்ளையோடு பேசுவதோ ஊருக்குப் போன் போடுவதோகூடச் சலிப்பாக இருந்து, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே நீடித்தால் அது குளிர்காலத்தோடு வருகிற மனச்சோர்வாக இருக்கலாம். 1984-லேயே மருத்துவ உலகம் பெயர் வைத்துவிட்ட நோய் அது, வெட்கப்பட ஒன்றுமில்லை, சிகிச்சை உண்டு. காலையில் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கின் முன்னால் அரை மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். சர்க்கரை இருப்பதால் கண்ணின் விழித்திரையைப் பரிசோதித்த பிறகே அதை ஆரம்பிக்க வேண்டும்.

டாக்டரைப் பார்க்கும்போது மூன்று மாதச் சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி, பி12, தைராய்டு, ஹீமோகுளோபின் நான்கையும் கேட்டு வாங்குங்கள். மெட்ஃபார்மினை வருடக்கணக்காகச் சாப்பிட்டால் பி12 குறையலாம், அதுவும் பாதத்தை மரத்துப்போக வைக்கும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் குளிர் தாங்காது. 50 வயதைத் தாண்டியவர்கள் தினமும் 400 யூனிட் வைட்டமின் டி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது கனடா அரசின் பரிந்துரை, அதையும் ஃப்ளூ தடுப்பூசியையும் சேர்த்துக் கேளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.