பேண்ட் பதிவில் பாடகரின் குரலை விநோதமாக ஒலிக்க வைப்பது எப்படி?

நான்கு பேர் கொண்ட பேண்ட், சொந்தப் பாடல்கள், கணினியில் பதிவு. மென்பொருளில் வரும் எதிரொலியும் இயந்திரக் குரலும் எல்லாரிடமும் கேட்டதுபோலவே இருக்கின்றன, வேறு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல்லடம் பக்கத்தில் ஒரு தறிக்குடோனின் மாடியில் சின்னதாக ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறேன். கீழே தறி ஓடினால் மேலே மைக்கைத் திறக்கவே முடியாது. அதனால் கருவிகளைத் தூக்கிக்கொண்டு தோட்டம், மண்டபம் என்று அலைந்து பழகிவிட்டேன். அப்படி அலைந்ததில் ஒன்று பிடிபட்டது: விநோத ஒலி பாடும்போதே பாடகரின் காதில் விழ வேண்டும். பிறகு சேர்த்தால் குரலுக்குச் சட்டை மாட்டியதுபோலத் தனியாகத் தெரியும்.

சென்ற கோடையில் நண்பரின் தோட்டத்துக் கிணற்றில் பாட வைத்தோம். முப்பதடி அகலம், தண்ணீர் வெகு கீழே போயிருந்தது. பாடகர் படியில் இருபதடி இறங்கி உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் மோதி அவரிடமே திரும்ப ஒலி அறுபதடி ஓட வேண்டும், அதாவது வினாடியில் இருபதில் ஒரு பங்கு. அந்த முதல் அறைதலுக்குப் பின்னால் நீண்ட முழக்கம் தொடர்கிறது. முதல் முறை மைக்கைக் கயிற்றில் கட்டி நடுக்கிணற்றில் தொங்கவிட்டேன். முழக்கம் அபாரம், ஒரு சொல்கூடப் புரியவில்லை. அன்றைய பதிவு முழுவதும் வீண். மறுநாள் வாய்க்கு அருகில் இன்னொரு மைக் வைத்துத் தனித் தடத்தில் எடுத்தேன். எங்கே போனாலும் இந்த வெற்றுக் குரல் தடத்தை விட்டுவிடாதீர்கள்.

இசைத் தடம் கேட்பதற்கு ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டச் சொன்னேன், மற்றக் காது கிணற்றுக்கு. பத்து நிமிடத்தில் அவர் பாடும் விதமே மாறிவிட்டது. வரியின் கடைசி உயிரெழுத்தை நீட்டி, முழக்கம் அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வரியை எடுத்தார். வல்லின மெய்களை மெல்லத் தொட்டார். அந்த நிதானம் எந்த மென்பொருளிலும் பொத்தானாக இல்லை.

நன்றாகப் போன நான்காவது டேக்கின் நடுவில் மும்முனை மின்சாரம் வந்து, ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தட்டிவிட்டது. பொந்திலிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்து ஆத்தா ஓடி வந்து, "கண்ணு, யார் விழுந்தது?" என்றார். "யாரும் விழவில்லைங்க ஆத்தா, பாடுகிறோம்" என்றோம். "ஏன், வீட்டில் இடமில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஸ்டார்ட்டரை முதலில் அணைத்துவையுங்கள். பேட்டரியில் ஓடும் ரெக்கார்டரையே கொண்டுபோங்கள். புழக்கத்தில் இல்லாத பாழுங்கிணற்றில் இறங்கவே கூடாது, அடியில் விஷவாயு தேங்கியிருக்கலாம்.

கிணறு கிடைக்காவிட்டால் தோட்டத்தில் மிச்சம் கிடக்கும் நான்கு அங்குல பி.வி.சி. குழாய் போதும். குழாயைப் பாடகரின் ஸ்ருதிக்கு வெட்டலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆணின் ஸட்ஜம் ஏறத்தாழ 139 ஹெர்ட்ஸ். நம் ஊர் வெயிலில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். இருபுறமும் திறந்த குழாயில் அரை அலை அடங்க வேண்டும், ஆகவே 350-ஐ 139-இன் இருமடங்கான 278-ஆல் வகுத்தால் 1.26 மீட்டர். குழாய் வாயின் அகலத்துக்காக ஆறு சென்டிமீட்டர் கழித்து 1.2 மீட்டருக்கு வெட்டுங்கள். பாடகர் ஒரு சாண் தள்ளி நிற்கட்டும், மறுமுனையில் மைக். ஸட்ஜத்தைத் தொடும்போதெல்லாம் குழாய் கூடவே முழங்கும். மேல் ஸட்ஜத்திலும் அதற்கும் மேலுள்ள பஞ்சமத்திலும் அப்படியே. மற்ற ஸ்வரங்கள் ஒடுங்கிப்போகும். ராகத்துக்கு ராகம் வேறு மாதிரி கேட்கும் இந்த ஏற்ற இறக்கம்தான் எனக்குப் பிடித்தது.

மேசை விசிறி முன்னால் பேசி விளையாடாத பிள்ளை உண்டா? மூன்று இறக்கை நிமிடத்துக்கு 1,300 சுற்றுச் சுற்றினால் குரல் வினாடிக்கு 65 முறை வெட்டுப்படும். காற்று பாடகர் முகத்தில் அடிக்கட்டும், மைக்கை விசிறியின் பின்புறம் வையுங்கள், இல்லாவிட்டால் காற்றிரைச்சல்தான் பதிவாகும். இதை மட்டமான வித்தை என்று நினைக்க வேண்டாம். 1966-இல் ஜான் லெனனின் குரலை, ஆர்கனுக்காகச் செய்யப்பட்ட சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக அனுப்பித்தான் பீட்டில்ஸ் குழுவினர் பதிவு செய்தார்கள். ஆனால் ஒரு பாடலில் நான்கு வரிக்கு மேல் விசிறி வேண்டாம், காது களைத்துவிடும்.

அடுத்து மண்டபம். 1977-இல் பெர்லினின் ஹான்சா ஸ்டூடியோவில் பாடகர் டேவிட் போவியின் குரலுக்குத் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி மூன்று மைக் வைத்தார்: ஒன்று முகத்தருகே, ஒன்று இருபதடியில், ஒன்று ஐம்பதடியில். தூரத்து இரண்டுக்கும் நாய்ஸ் கேட் (ஒலி ஓர் அளவைத் தாண்டும்வரை அடைத்துவைக்கும் கருவி) போட்டிருந்ததால், போவி குரலை உயர்த்தும்போதுதான் அவை திறந்தன. மெதுவாகப் பாடினால் காதோடு பேசுவதுபோல, கத்தினால் கூடமே எழுந்துவிடுவதுபோல. மூன்று தடமாக எடுத்துக்கொண்டால் நாய்ஸ் கேட்டை மென்பொருளிலேயே பிறகு போடலாம். ஆனால் தூரத்து மைக் திறக்கும் அளவுக்குப் பாடகர் உண்மையாகவே கத்த வேண்டும்.

ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்கள் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கின்றன. சமையல்கட்டுப் பக்கக் கதவைச் சாத்திவிட்டு, கூடத்தின் மின்விசிறிகளை எல்லாம் நிறுத்தச் சொல்லுங்கள். மண்டபக்காரரிடம் கச்சேரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், வாடகை ஏறிவிடும்.