அரை இடம்

மதிப்பிற்குரிய ஐயா,

நைரோபியில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் சோமாலி நண்பர், வடக்கே தனிநாடு என்று அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கெய்சாவைச் சேர்ந்தவர். "எங்கள் பக்கம் குலங்கள் உட்கார்ந்து பேசி ஒரு நாட்டையே உருவாக்கிவிட்டோம். மொகதிஷுவில் அதையே செய்யப் போய்த் தோற்றார்கள்" என்று அடிக்கடி சொல்வார். அதிகாரத்தைக் குலங்களுக்கும் பிராந்தியங்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தால் சோமாலியா ஒரு நாடாகிவிடுமா? எனக்கென்னவோ இது நம்மூர் ஜாதி அரசியல் மாதிரிதான் தெரிகிறது. கட்டுப்பாடு இல்லாத இந்த மாதிரி மக்களுக்குக் கண்டிப்பான ஒரு தலைவர் வந்தால்தான் சரிப்படும் என்றும் தோன்றுகிறது. உங்கள் கருத்தை எழுத வேண்டும்.

— நைரோபியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சோமாலிலாந்தின் குலப் பெரியவர்கள் 1993இல் கூடிப் பேசிய பொராமா மாநாட்டைப் பற்றி ஒரு கட்டுரையைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். அது எந்த இடத்தில் நகராமல் நிற்கிறதோ, அதே இடத்தை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கடைசி வரி. கண்டிப்பான தலைவர் வந்தாயிற்று, இருந்தாயிற்று, போயும் ஆயிற்று. 1969 அக்டோபரில் ஆட்சியைப் பிடித்த சியாத் பாரே குலத்தை ஒழிக்கிறேன் என்றுதான் ஆரம்பித்தார். குலத்துக்குக் கொடும்பாவி செய்து ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். ஒருவரையொருவர் 'தோழர்' என்று அழைக்கச் சொன்னார்கள். அதே ஆட்சியில் அதிகாரம் யாரிடம் இருந்தது? அவருடைய சொந்தக் குலமான மரெஹான், அவர் அம்மா பிறந்த ஒகாதேன், மருமகனின் துல்பஹந்தே. 1988இல் ஹர்கெய்சா விமான நிலையத்திலிருந்தே விமானங்கள் கிளம்பி ஹர்கெய்சாவின் மேல் குண்டு போட்டன. பல்லாயிரம் பேர் செத்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் எத்தியோப்பிய எல்லையைத் தாண்டி ஓடினார்கள். உங்கள் நண்பரின் குடும்பமும் ஒருவேளை அப்படி ஓடியிருக்கலாம். அவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு 'இந்த மாதிரி மக்கள்' என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? இனி யாரைப் பற்றியும் அப்படி எழுதாதீர்கள்.

அடுத்தது ஜாதி. நம் ஆட்களுக்கு வெளியூரில் எதைப் பார்த்தாலும் ஜாதியாகத்தான் தெரிகிறது. சோமாலிக் குலம் தந்தைவழி. அப்பா, அவர் அப்பா, அவருக்கும் அப்பா என்று இருபது தலைமுறைக்கு மேல் ஒப்பிக்கக் கூடியவர்கள் உண்டு. முன்பின் தெரியாத இரண்டு பேர் சந்தித்தால் எந்தத் தாத்தாவில் சேர்கிறோம் என்று பார்ப்பார்கள். பெரிய குலங்களுக்குள் மேல் கீழ் என்பது கிடையாது, ஒரு குலத்துப் பெண்ணை மறு குலத்தில் கட்டிக்கொடுப்பது சாதாரணம். இன்னொன்று, எந்தக் குலமும் ஒரே கட்டாக நிற்பதில்லை. சியாத் பாரே ஓடியதும் மொகதிஷுவை நாசமாக்கியவர்கள் இருவர், அலி மஹ்தியும் ஃபரா ஐதீதும். இருவருமே ஹவியே குலம்தான்! ஒருவர் அப்கால் கிளை, மற்றவர் ஹபர் கிதிர் கிளை. ஆக, பங்கைக் 'குலத்துக்கு' கொடுப்பது என்றால் எந்தத் தாத்தாவோடு நிறுத்துவீர்கள்?

நிஜமாகவே ஜாதி மாதிரி ஒன்று அங்கே உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் நண்பர் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. 1991 மே மாதம் புராவில் கூடி வடக்குப் பகுதியைச் சோமாலிலாந்து என்ற தனிநாடாக அறிவித்தார்கள். ஆனால் அறிவித்த கையோடு அவர்களும் அடித்துக்கொண்டார்கள், பெர்பெரா துறைமுகத்துக்காக அங்கே பெரும்பான்மையான ஈசாக் குலத்தின் கிளைகளுக்குள்ளேயே சண்டை. அப்புறம்தான் 1993 ஜனவரியில் பொராமாவில் பெரியவர்கள் கூடினார்கள். வாக்குரிமை உள்ளவர்கள் 150 பேர், சுற்றி நின்றவர்கள் பல நூறு. மாநாடு மே வரை போனது. அந்த ஊர் யாருடையது தெரியுமா? கடபூர்சி குலத்தினுடையது. சியாத் பாரேயை எதிர்த்து நடந்த போரில் ஈசாக்கின் சோமாலி தேசிய இயக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்கள் அவர்கள். ஜெயித்தவன் தோற்றவன் வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் உட்கார்ந்து அவன் சோற்றைச் சாப்பிட்டான். செலவில் பெரும்பங்கு உள்ளூர்க்காரர்களுடையது. இத்தனாம் தேதிக்குள் முடித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று நெருக்க வெளிநாட்டுத் தூதர் யாரும் இல்லை. கொலைக்கும் கொள்ளைக்கும் பெரும்பாலும் ஊர் ஊராகக் கணக்குத் தீர்த்த பிறகே நாற்காலிப் பேச்சு முக்கியமானது. முகமது எகால் அதிபரானார், மூத்தோர் சபையான குர்த்தி நாடாளுமன்றத்தின் மேலவையானது. எகால் வணிகர்களிடம் கடன் வாங்கி, துறைமுக வரியை வைத்து, துப்பாக்கிக்காரப் பையன்களைச் சம்பளக்காரர்களாக மாற்றினார். மறுபடி 1994இல் சண்டை வந்தது, மறுபடி பேசி முடித்தார்கள்.

2003 அதிபர் தேர்தலை மட்டும் சொல்லாமல் போக முடியாது. தாஹிர் ரியாலே காஹின் ஜெயித்தார். அதே கடபூர்சி குலத்துக்காரர், சியாத் பாரேயின் உளவுத் துறையில் வேலை பார்த்தவர். தோற்றவர் சிலான்யோ, அந்தச் சோமாலி தேசிய இயக்கத்தின் முன்னாள் தலைவர். வித்தியாசம் 80 வாக்குகள். நீதிமன்றம் அதை 217 ஆக்கியது. சிலான்யோ கொதித்துப்போயிருந்தார், ஆனாலும் ஏற்றுக்கொண்டார். துப்பாக்கி வைத்திருந்த பெரும்பான்மை, 80 வாக்குக்காக அதைத் தூக்கவில்லை. கடந்த நூற்றாண்டின் வரைபடங்களை வைத்துக்கொண்டு பெரிய நாடுகள் முப்பது வருஷத்துக்கு மேலாக இதை ஒரு நாடு என்று ஒப்புக்கொள்ள மறுத்தது எனக்கு இன்றைக்கும் ஆத்திரமூட்டும் விஷயம்.

தெற்கில் நடந்தது தலைகீழ். ஜிபூத்தியில் ஆர்த்தா என்ற ஊரில் 2000இல் ஒரு மாநாடு, பிறகு கென்யாவில் இன்னொன்று. முதலில் நாற்காலியைப் பிரித்தார்கள். அந்தக் கணக்குக்குப் பெயர் நாலரை. தாரோத், ஹவியே, திர், திகில்-மிரிஃப்லே ஆகிய நான்கு குலங்களுக்கும் ஆளுக்கு ஒன்று, மிச்சமிருக்கும் எல்லாருக்கும் சேர்த்து அரை. 275 இடங்களில் நான்குக்கும் தலா 61, மற்றவர்களுக்கு 31. 2016இல் 135 குலப் பெரியவர்கள் பொறுக்கி எடுத்த 14,025 பேர்தான் மொத்த நாட்டுக்காகவும் அந்த 275 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

யார் இந்த அரை? ஷெபெல்லே, ஜூபா ஆற்றங்கரைகளில் விவசாயம் செய்யும் பாண்டு மக்கள், அவர்களில் பலர் 19ஆம் நூற்றாண்டில் அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். மொகதிஷு, பராவா துறைமுகங்களின் பழைய நகரவாசிகளான பெனாதிரிகள். தோல் வேலை, கொல்லு வேலை, முடிவெட்டும் வேலை செய்துவந்த கபோயே மக்கள். இந்தக் கபோயேக்களுக்குத்தான் குலத்துக்காரர்கள் பெண் கொடுக்க மாட்டார்கள், அவர்களிடமிருந்து எடுக்கவும் மாட்டார்கள். நீங்கள் தேடிய ஜாதி இங்கேதான் இருக்கிறது, தம்பி. உங்கள் கடிதத்தில் இவர்கள் இல்லவே இல்லை.

நம்பகமான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த நாட்டில் நடக்கவில்லை. அப்படியிருக்க அரை என்பது எந்தக் கணக்கு? அது தலையை எண்ணிய கணக்கில்லை, துப்பாக்கியை எண்ணிய கணக்கு. 1991, 92இல் எல்லாப் பக்கத்துப் படைகளும் ஆற்றங்கரை விவசாயிகளின் தானியத்தைச் சூறையாடின. திருப்பிச் சுட அவர்களிடம் படை இல்லை. அந்தப் பஞ்சத்தில் கொத்துக் கொத்தாகச் செத்தவர்களில் அவர்களும் உண்டு. கொள்ளையடித்தவனுக்கு முழு இடம், கொள்ளை போனவனுக்கு அரை இடம். இதை 'அனைவரையும் உள்ளடக்கிய ஏற்பாடு' என்று எத்தனை அறிக்கைகளில் பாராட்டியிருக்கிறார்கள்!

இளவயதில் நானும் நைரோபியில் இருந்தேன், ஈஸ்ட்லியில், ஒரு சோமாலி துணி வணிகரிடம் கணக்கெழுதிக்கொண்டு. ஒருநாள் கடையின் லாரி மோதி ஒரு பையன் இறந்துபோனான். வேறு குலத்துப் பையன். போலீஸ், கோர்ட் என்று யாரும் பேசவே இல்லை. சில நாட்களில் இரு பக்கத்துப் பெரியவர்களும் மாடி அறையில் கூடினார்கள். ஓர் ஆண் உயிருக்கு நூறு ஒட்டகம் என்பது அவர்கள் மரபு. ஒட்டகம் என்று பேசி டாலரில் கொடுத்தார்கள். முதலாளி தனியாகக் கொடுக்கவில்லை, அவருடைய கிளையைச் சேர்ந்த அத்தனை ஆண்களும் பங்கு போட்டார்கள். துபாயிலிருந்து, லண்டனிலிருந்து, மினியாபொலிஸிலிருந்து அவரை நேரில் பார்த்தேயிராதவர்கள்கூடப் பணம் அனுப்பினார்கள். அந்தப் பட்டியலை எழுதியவன் நான். ஓர் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை அரசாங்கமே இல்லாமல் செய்து முடித்ததைப் பார்த்து மலைத்துப்போனேன். பொராமாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த மாடி அறைதான் ஞாபகம் வருகிறது.

ஆனால் அந்தப் பையனின் அம்மா என் முதலாளியின் குலத்தில் பிறந்தவர். வாழ்க்கைப்பட்டதுதான் மறு குலத்தில். மகன் செத்த ராத்திரி கொழுந்தன்மார் பழிவாங்கக் கிளம்பியபோது வாசலில் மறித்து நின்றவர் அவர்தான் என்று கடைப் பையன்கள் சொன்னார்கள். இரண்டு பக்கமும் அவருக்குச் சொந்தம். அவர் இல்லையென்றால் மாடி அறைக் கூட்டமே நடந்திருக்காது. அந்த அறையில் அவருக்கு இடமில்லை. அவர் பெயரை நான் எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை, எழுதச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. இறந்தது பெண்ணாக இருந்திருந்தால் மரபுப்படி ஐம்பது ஒட்டகம்தான் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நூறில் பாதி.

என் கட்டுரை நின்றுபோனது இங்கேதான். குலம் பேசினால் போர் நிற்கும், அதை நான் முழுமனதோடு நம்புகிறேன். குலம் பேசாமல் அங்கே எந்தப் போரும் நிற்காது. ஆனால் குலத்துக்கு அதன் ஆண்களை மட்டும்தான் முழுசாக எண்ணத் தெரியும். அந்தக் கணக்கையே நாடாளுமன்றத்துக்கும் கொண்டுபோனால் அரை அரையாகவே இருந்துவிடும். உங்கள் நண்பர் பெருமைப்படும் பொராமாவிலும் வாக்களித்த பெரியவர்கள் ஆண்கள்தான். குர்த்தி சபைக்கு இன்றுவரை மக்கள் வாக்களித்ததே இல்லை, உறுப்பினர் இறந்தால் மகனோ உறவினரோ வந்து உட்காருகிறார். சோமாலிலாந்தின் 2021 நாடாளுமன்றத் தேர்தலில் 82 இடங்களுக்கு 13 பெண்கள் போட்டியிட்டார்கள். ஒருவர்கூட ஜெயிக்கவில்லை. அதே தேர்தலில் ஹர்கெய்சாவில் கபோயே சமூகத்தைச் சேர்ந்த பர்காத் ஜாமா பாதூன் மற்ற எல்லா வேட்பாளர்களையும்விட அதிக வாக்கு வாங்கினார். செய்தியைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. குலப் பங்கீட்டில் அவருக்கு இது ஒருநாளும் கிடைத்திருக்காது. குலத்தைப் பார்க்காமல் அவருக்குக் குத்திய வாக்குகள் அவை.

பிராந்தியங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். புன்ட்லாந்து 1998இலேயே தனக்கென்று ஆட்சி அமைத்துக்கொண்டது. ஜூபாலாந்து, தென்மேற்கு, கல்முதுக், ஹிர்ஷபெல்லே எல்லாம் பின்னால் வந்தவை. மாநிலம் என்று பெயர், பெரும்பாலும் ஒரு பெரிய குலத்தின் வீடு. அதற்குள் சின்னக் குலம் வாடகைக்குக் குடியிருப்பது போலத்தான். 2024இல் அரசியல் சட்டத்தைத் திருத்தியதும் மொகதிஷுவை அங்கீகரிக்க மாட்டோம் என்று புன்ட்லாந்து ஒதுங்கிக்கொண்டது. இதில் அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

உங்கள் நண்பரிடம் என் சார்பில் ஒன்று கேளுங்கள், சண்டை போடாமல், டீ வாங்கிக் கொடுத்து. 2023இல், சோமாலிலாந்தின் பிடியில் இருந்த கிழக்கு நகரமான லாஸ் அனோட்டில் துல்பஹந்தே பெரியவர்கள் 'எங்களுக்கு ஹர்கெய்சா வேண்டாம்' என்று முடிவெடுத்தபோது, பொராமா மாதிரி அவர்கள் ஊருக்குப் போய் மாதக்கணக்கில் உட்காராமல் ஹர்கெய்சாக்காரர்கள் ஏன் பீரங்கியால் பதில் சொன்னார்கள்? அந்த ஊர் மக்கள் பெரும்பகுதி வெளியேறும்வரை ஏன் நிறுத்தவில்லை? அவர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள். ஹர்கெய்சாவிலிருந்து அவர் அம்மா பேசினால், 1988ஐப் பற்றி அவரிடமும் கேட்கச் சொல்லுங்கள். அந்த பதில் எனக்கு இன்னும் முக்கியம்.

அன்புடன்.